ஏப்ரலா, மார்ச்சா? நுவரெலியா சீசனுக்கு முன் மலையகம் வருகிறவர்களுக்கு

கேள்வி இதுதான். திருச்சியில் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, மூன்று வயதுப் பிள்ளை, எழுபதைத் தொட்ட அம்மா. அம்மா பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். 1970களில், பத்தொன்பது வயதில், பெற்றோருடன் இந்தியா போனவர். அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கவில்லை. "சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் ஏழு நாள் வர நினைத்தோம். நுவரெலியாவில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. சீசனுக்கு முன்னால், மார்ச்சில் வந்தால் குறையும் என்கிறார்கள். ஆனால் ஊர் வெறிச்சோடிக் கிடக்குமோ, மழை பிடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மார்ச்சில் வாருங்கள். முடிந்தால் முதல் வாரம் கழிந்து, 22ஆம் தேதிக்குள் திரும்புகிற மாதிரி வாருங்கள். வாடகை குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நான் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பதினோரு வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தேன், பிறகு இன்றுவரை வேன் ஓட்டுகிறேன். ஏப்ரலிலும் ஆட்களை ஏற்றியிருக்கிறேன், மார்ச்சிலும் ஏற்றியிருக்கிறேன். இறங்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த "சீசன்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் வெயில் தாங்க முடியாத மாதம் ஏப்ரல். வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகளும் துரைமாரும் அந்த மாதம் குளிருக்காக நுவரெலியாவுக்கு ஏறினார்கள். குதிரைப் பந்தயம், மலையேற்றக் கார்ப் பந்தயம், பூக் கண்காட்சி எல்லாம் அந்தக் கூட்டத்தோடு வந்தவை. அவர்கள் போய்விட்டார்கள், பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது ஏப்ரல் 1 அன்று பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியத்தோடு வசந்த காலக் கொண்டாட்டம் தொடங்கும். கிரகரி வாவியைச் சுற்றிக் கடைகள், ராட்டினம், ஒலிபெருக்கி. விக்டோரியா பூங்காவில் பூக்கள் நிஜமாகவே அழகாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் புத்தாண்டு நெருங்க நெருங்கத் தீவின் பாதிப் பேர் அந்தச் சின்ன டவுனுக்குள் வந்து நிற்பது மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் ஏப்ரல் 13, கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நானுஓயாவிலிருந்து டவுனுக்கு ஏறினேன். மற்ற நாளில் இருபது நிமிடத்துக்குள் முடிகிற தூரம். அன்றைக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வாகனங்கள் ஒன்றின் பின்னால் ஒன்று மலைச் சரிவில் நின்றன, ஓரமாக ஒதுங்கவும் இடமில்லை. குழந்தைக்குப் பால் கலக்க, வழியில் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இறங்கிச் சுடுதண்ணி கேட்டு வாங்கி வந்தோம். ஒருவழியாக ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தால், முன்பணம் கட்டியிருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இரவு அவர்கள் தலவாக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் படுத்தார்கள். அன்றிலிருந்து புத்தாண்டு வாரத்தில் முதியவர்களோடும் குழந்தைகளோடும் நுவரெலியா போக யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். புத்தாண்டு இங்கே சிங்களவர்களுக்கும் நமக்கும் ஒரே நாளில் வருகிறது. அந்த வாரம் தோட்டத்தில் வேலை கிடையாது. கொழுந்து பறிக்க ஆள் மலைக்குப் போகாது, ஸ்டோர் ஓடாது, டவுனில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பாதி பூட்டியிருக்கும். தேயிலை நாட்டைப் பார்க்க வந்துவிட்டுத் தேயிலை வேலை நடப்பதைப் பார்க்காமல் திரும்பிப் போகிறவர்கள் அந்த வாரத்தில்தான் அதிகம்.

மழைக்கு வருகிறேன். உங்கள் பயம் தலைகீழாக இருக்கிறது. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் பெப்ரவரியும் மார்ச்சும்தான் வருடத்திலேயே மழை குறைந்த மாதங்கள். நுவரெலியாவில் மார்ச்சில் பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏப்ரலில் பெய்யும். மார்ச் கடைசியில் இடி மழை தொடங்கும்: காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேகம் திரளும், மூன்று மணிக்குக் கொட்டும், ஐந்துக்கு விட்டுவிடும். ஏப்ரலில் இது கிட்டத்தட்ட தினசரி வழக்கம். அதனால்தான் 22ஆம் தேதி என்று கணக்குச் சொன்னேன். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அப்போது ஹட்டன், வட்டவளைப் பக்கம் நாள் கணக்கில் வெயில் முகம் பார்க்க முடியாது.

ஆனால் மலையகம் முழுவதற்கும் ஒரே சீசன் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் நிற்கிற மலைத்தொடர்தான் மழையைப் பிரித்துக் கொடுக்கிறது. மேற்குச் சரிவு நனையும்போது ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, பசறை காய்ந்து கிடக்கும். ஜூன், ஜூலையில் அங்கே கச்சான் காற்று சுழன்று அடிக்கும். வடகிழக்கு மழை டிசம்பர், ஜனவரியில் வந்தால் ஊவா நனையும், நம் பக்கம் காயும். கூட்டமும் அப்படித்தான். எல்ல வெளிநாட்டுக்காரர்களின் ஊர். அங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை கூட்டம் குறையாது. நுவரெலியா உள்நாட்டுக்காரர்களின் ஊர், அதன் உச்சம் ஏப்ரல். ஆகவே மார்ச்சில் நுவரெலியா ஓய்ந்திருக்கும், எல்ல நிரம்பியிருக்கும். உங்கள் பயணத்தில் எல்லவை ஒரு பகல் மட்டும் வைத்துக்கொண்டு, இரவு தங்க பண்டாரவளையோ ஹப்புத்தளையோ பாருங்கள்.

இப்போது தேயிலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் மார்ச்சுக்காக நான் வாதாடுவதில் பாதி இதற்காகத்தான்.

எங்கள் பக்கத்துத் தேயிலையை உலகச் சந்தையில் திம்புள்ள என்பார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதற்குத் தரக் காலம். இரவில் கடும் குளிர், பகலில் காய்ந்த காற்றும் வெயிலும். செடி மெதுவாகத் துளிர்க்கும். கொழுந்து குறைவாகத்தான் வரும், ஆனால் வருகிற கொழுந்தில் சாரம் இறுகியிருக்கும். மழைக் காலத்தில் செடி வேகமாக வளரும், கூடை சீக்கிரம் நிறையும், தேத்தண்ணி மட்டும் சப்பென்றிருக்கும். (ஊவாவுக்குத் தரக் காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர், அங்கே கச்சான் காற்று செய்கிற வேலையை இங்கே ஜனவரிக் குளிர் செய்கிறது.) நான் ஸ்டோரில் இருந்த காலத்தில், பெப்ரவரி மாதத்து இரவு வேலைக்குப் போய்க் கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். வாட்டும் தட்டுகளில் பரப்பிய கொழுந்திலிருந்து வருகிற வாசனை மற்ற மாதங்களில் புல் மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் பழுத்த ஆப்பிளும் ஏதோ பூவும் கலந்த மாதிரி இருக்கும். பழைய டீ மேக்கர் ஒருவர் கையில் ஒரு பிடி வாட்டிய கொழுந்தை எடுத்து இறுக்கிப் பிடித்து விடுவார். உருண்டையாக நின்று மெதுவாகப் பிரிந்தால் வாட்டம் சரி. உடனே சிதறினால் காய்ந்துவிட்டது, அப்படியே ஒட்டி நின்றால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. எத்தனை கருவி வந்தாலும் அவர் கையைத்தான் நாங்கள் நம்பினோம்.

ஸ்டோர் பார்க்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு கொழுந்து இல்லை. பறித்த கொழுந்தைப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டி, விடியற்காலையில்தான் அரைக்கத் தொடங்குவார்கள். ஆகவே திங்கட்கிழமை போனால் மெஷின்கள் சும்மா நிற்கும். செவ்வாயிலிருந்து சனிக்குள், காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள். அரைப்பது, புளிக்க வைப்பது, அடுப்பில் காய வைப்பது, சலிப்பது எல்லாம் ஓடுவதைப் பார்க்கலாம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் வரும். வாங்கும்போது அந்த வருடம் பெப்ரவரி, மார்ச்சில் செய்த தூள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் வருகிறவனுக்கும் அது கிடைக்கும், ஆனால் மார்ச்சில் அடுப்பிலிருந்து இறங்கின சூட்டோடு கிடைக்கும். முதல் கோப்பையைப் பால் ஊற்றாமல் குடித்துப் பாருங்கள். திருச்சியில் நீங்கள் குடிக்கிற டீக்கும் இதற்கும் உறவே இல்லாத மாதிரி தோன்றும்.

வழியில் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்ப்பீர்கள். இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, கை இரண்டும் செடிமேல் ஓட, வரிசையாக ஏறுவார்கள். வேனை நிறுத்தி உடனே போனைத் தூக்காதீர்கள். அவர்களுக்கு அது நிறுவைக்குக் கணக்குப் பார்க்கிற வேலை நேரம். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். தமிழில் "அக்கா, சுகமா இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். நம் மொழி பேசுகிறவர்கள் கேட்காமல் படமெடுத்தால் அது இன்னும் அதிகமாக வலிக்கும்.

மார்ச்சுக்கு இன்னொரு காரணம், கூத்து. மாசி அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறை பார்த்துத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். அது சில வருடம் பெப்ரவரியில் விழும், சில வருடம் மார்ச் நடுவரை போகும். கம்பம் நட்ட இடத்தைக் காமன் பொட்டல் என்போம். தப்புச் சத்தம் கேட்டால் பக்கத்துக் கணக்கிலிருந்தெல்லாம் (தோட்டத்தின் டிவிஷனைக் கணக்கு என்போம்) ஆட்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடந்து வருவார்கள். ரதி, மன்மதன் வேடம் கட்டினவர்கள் லயம் லயமாகப் போய் ஆடுவார்கள். கடைசி இரவில் சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள். அந்த ஒப்பாரி தொடங்கும்போது குளிரில் நிற்கிற கிழவிகள் உண்மையாகவே அழுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இது டிக்கெட் போட்டுக் காட்டுகிற நிகழ்ச்சி இல்லை, எந்த விளம்பரத்திலும் வராது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் "இந்த வருசம் எந்தத் தோட்டத்துல காமன்?" என்று கேட்டால் போதும். அதே மாசியில் மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் ஓடும். உங்கள் தேதி அதோடு பொருந்தினால் கண்டி வழியாக இறங்கி அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அது ஒரு வரிதான், ஆனால் எனக்கு அதுதான் பயணத்தின் நடுப்புள்ளி என்று தோன்றுகிறது.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் இரண்டு அரசாங்கமும் எழுதிக்கொண்டன. எங்கள் வீடுகளில் யாரையும் கேட்டு அது எழுதப்படவில்லை. ஹட்டன், தலவாக்கலை ஸ்டேஷன்களில் ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். அந்த ரயிலை இங்கே ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள்; பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள், பெட்டியில் இருந்தவர்களும் அழுதார்கள். உங்கள் அம்மாவும் அதில்தான் போயிருப்பார். அவரை முதல் நாளே எதுவும் கேட்காமல் அந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகாதீர்கள். அவரே கேட்பார், அப்போது போங்கள்.

தோட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, தோட்டத்தின் பெயர். அதிலும் எழுத்தில் இருக்கிற ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வாயில் இருக்கிற தமிழ்ப் பெயர் ஒன்று என்று பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. அம்மாவுக்குத் தமிழ்ப் பெயர்தான் நினைவிருக்கும். அவர் அப்பாவின் பழைய கடவுச்சீட்டோ, குடும்ப அட்டையோ, அந்தக் காலத்துக் கடித உறையோ வீட்டில் இருந்தால் எழுத்துப் பெயர் அதில் இருக்கும். பெட்டியைக் கிளறிப் பாருங்கள். இரண்டு, எந்தக் கணக்கு: மேற்கணக்கா, கீழ்க்கணக்கா. ஒரே தோட்டத்தில் இரண்டு டிவிஷனுக்கும் இடையே ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கலாம், அதுவும் கரடுமுரடான ரோட்டில்.

போகிற நாளைச் சாதாரண வேலை நாளாக வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிகிற நேரமாகப் பாருங்கள். நேரே ஆபீசுக்குப் போகாதீர்கள், கோயிலுக்குப் போங்கள். அங்கே யாராவது ஒரு பெரியவர் இருப்பார். "எங்க தாத்தா இந்தப் பேரு, இந்த லயத்துல இருந்தாங்க" என்று சொன்னால் கால் மணி நேரத்தில் ஊரே கூடும். சென்ற மார்ச்சில் ஒரு அம்மாவைக் கூட்டிப் போனேன். லயம் இடிந்து தகரம் மட்டும் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் விழுகிற கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இந்தக் கல்லு அப்படியே இருக்கு" என்றார். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி சவர்க்காரக் கையோடு எழுந்து வந்து, நீங்க யாரு பிள்ளை என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

இதில் ஏப்ரலுக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளியையும் புத்தாண்டையும் விட்டால் அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள், எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால், சித்திரை 1 அன்று லயத்தில் இருப்பது போல ஒரு நாள் கிடையாது. அப்படியானால் ஏப்ரலிலேயே வாருங்கள், ஆனால் நுவரெலியாவில் அறை எடுக்காதீர்கள், தலவாக்கலையிலோ ஹட்டனிலோ தங்குங்கள். சொந்தம் யாரும் மிச்சமில்லை, ஊரை மட்டும் பார்த்தால் போதும் என்றால், மார்ச்.

ஒரு கவலையான விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளை உலுக்கிவிட்டது. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன். அதற்கு முன்னால் 2014 அக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அம்மாவின் தோட்டத்தில் ஆட்கள் இடம் மாறியிருக்கலாம், லயம் இருந்த இடமே மாறியிருக்கலாம். வருவதற்கு முன் விசாரிப்பது நல்லது. மண்சரிவு அதிகம் நடப்பது அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள்ளும் தென்மேற்கு மழையிலும். மார்ச் அந்த வகையிலும் பாதுகாப்பான மாதம். இருந்தாலும் எந்த மாதமானாலும் இரண்டு நாள் விடாமல் பெய்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

ரயிலும் அந்தப் புயலில் பல இடங்களில் அடிபட்டது. ஆகவே கண்டியிலிருந்து எல்ல வரை ரயில் என்று மனதில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று அந்த வாரத்தில் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். இந்தப் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1924இல்தான் பதுளையைத் தொட்டது. நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரைதான் என் கண்ணுக்கு மிக அழகு: கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொல, அதைத் தாண்டிக் குகை, குகையை விட்டு வெளியே வந்ததும் மறுபக்கத்து மலைகள் திடீரென்று திறக்கும். அந்தப் பகுதி ஓடினால் கட்டாயம் ஏறுங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றைக்கே கவுண்டரில் கிடைக்கும். வேலை நாளில் காலை ரயிலில் அம்மாவுக்கு யாராவது இடம் கொடுப்பார்கள். கதவில் தொங்கிப் படம் எடுப்பது மட்டும் வேண்டாம். பாறை ரயிலோடு உரசுகிற மாதிரி வருகிற இடங்கள் இருக்கின்றன, உயிர் போயிருக்கிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்வீழ்ச்சிக்காக வருகிறீர்கள் என்றால் மார்ச் ஏமாற்றும். டெவன் கொஞ்சம் விழும், சென் கிளேயர் மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு முன்னைப் போல இல்லை, இறம்பொடை பரவாயில்லை. சீதா எலிய அம்மன் கோயிலும் ஹக்கலைப் பூங்காவும் ஒரே வழியில் இருக்கின்றன, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பொருத்தம். ஹோர்ட்டன் சமவெளியில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதனால் அம்மாவையும் பிள்ளையையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் மட்டும் போங்கள். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். ஒன்பதரை, பத்துக்கு உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் பனிமூட்டம் வந்து மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் பிஸ்கட்டை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஹப்புத்தளையில் லிப்டன் சீட் என்கிற மலைமுகட்டுக்கும் இதே காலைக் கணக்குத்தான்.

சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து (போயா என்றால் பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். மார்ச் அதன் நடுப்பகுதி. ஐயாயிரம் படிக்கு மேல், அம்மா ஏற வேண்டாம். ஆனால் ஒரு சாயங்காலம் மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி வரை கூட்டிப் போங்கள். இருட்டினதும் அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்கு வரிசை ஏறிப் போவது தெரியும். அங்கேயே நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும். போயா நாளையும் அதோடு சேர்ந்த வார இறுதியையும் மட்டும் தவிருங்கள், வாகனம் அசையாது.

துணி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மார்ச்சில் நுவரெலியாவில் பகல் வெயில் முகத்தைச் சுடும், ராத்திரி பத்து டிகிரி அளவுக்கு இறங்கும். ஜனவரியில் புல்லில் உறைபனி பிடிக்கிற ஊர் அது. அம்மாவுக்குக் கம்பளித் தொப்பி, காலுறை, பிள்ளைக்கு இரண்டு சுவெட்டர். அறை பார்க்கும்போது ராத்திரியிலும் சுடுதண்ணி வருமா, படி ஏற வேண்டுமா என்ற இரண்டையும் வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். அட்டைத் தொல்லை மார்ச்சில் குறைவு. ஈரமான காட்டுப் பாதையில் நடந்தால் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறாது. வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரும், காலையில் பால் கொடுத்த உடனே கிளம்பாதீர்கள். சார்க் நாட்டவருக்குச் சில இடங்களில் நுழைவுக் கட்டணம் குறைவு, ஆகவே கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

ஏழு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். திருச்சியிலிருந்து விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும். அவிசாவளை, கித்துள்கல, கினிகத்தேனை வழியாகப் பகலிலேயே ஏறிவிடுங்கள். இருட்டில், பனிமூட்டத்தில் அந்த ரோட்டில் நானே ஓட்ட விரும்புவதில்லை. முதல் மூன்று இரவு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ. இரண்டாம் நாள் முழு ஓய்வு, பக்கத்தில் ஒரு ஸ்டோர் மட்டும். மூன்றாம் நாள் தோட்டம், வேறெதுவும் வைக்காதீர்கள். பிறகு ஒரு இரவு நுவரெலியா, இரண்டு இரவு பண்டாரவளை அல்லது ஹப்புத்தளை. கடைசி நாள் விமானத்துக்கு அரை நாள் பயணம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். தோட்டத்துக்கு ஒரு நாள் போதாது என்று அம்மா சொன்னால், நுவரெலியாவை வெட்டிவிட்டு அந்த நாளை அவருக்குக் கொடுங்கள்.

அவரிடம் தோட்டத்துப் பெயரையும், எந்தக் கணக்கு என்பதையும், அப்போது கங்காணி யார், பீலிக்கரை லயத்துக்கு மேலேயா கீழேயா என்பதையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெட்டியில் பழைய காகிதம் ஏதாவது கிடைத்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். நீங்கள் டிக்கெட் போடுவதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், வேன் எதுவரை போகும் என்று சொல்கிறேன்.